ஊர் மாறுவதா, மறுப்பதா, ஓய்வா, வேறு வேலையா? அமெரிக்க வேளாண்மைத் துறை ஊழியர்களுக்கு ஓர் ஒப்பீடு

"கையெழுத்துப் போட இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அந்த நீலக் கோப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். 2025 ஏப்ரல் முதல் வாரம் அது. அமெரிக்க வேளாண்மைத் துறை தன் ஊழியர்களுக்குக் கொடுத்த விலகல் சலுகையில்தான் கையெழுத்து. அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. மேரிலாண்டில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. கோவையில் வேளாண்மை படித்து, இங்கே முனைவர் பட்டம் முடித்து, 2006 ஆகஸ்டில் ஃபெடரல் அரசு வேலையில் சேர்ந்தவர். வயது 54.

"எனக்கு இருபது வருஷம் முடிஞ்சிடுச்சு. இப்பவே ஓய்வு வாங்கிட்டா பென்ஷன் வரும், மெடிக்கல் வரும். அப்புறம் எதுக்கு இந்த தினசரி பயம்?"

கோப்பைத் திறந்து எஸ்.எஃப்.50 படிவத்தைத் தேடி எடுத்தோம். ஃபெடரல் ஊழியர் எல்லோரிடமும் இருக்கும் நியமன, பதவி உயர்வு ஆவணம் அது. அதில் 31-ஆம் கட்டத்தில் சேவைத் தேதி: 2005 ஏப்ரல். அக்கா கணக்குப் போட்டது அதை வைத்துத்தான். ஆனால் அந்தக் கட்டத்தின் தலைப்பில் 'விடுப்புக்காக' என்று சின்ன எழுத்தில் இருந்தது. வேலையில் சேரும்போது, பல்கலைக்கழகத்தில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த 16 மாதங்களை ஆண்டு விடுப்புக் கணக்கில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். விடுப்புக்கு அது செல்லும், ஓய்வூதியத்துக்குச் செல்லாது. உண்மையில் அக்காவுக்கு அன்றைக்கு 20 ஆண்டு ஆகவில்லை, 19-கூட ஆகவில்லை.

அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் ஓய்வு பெற்றவராக அல்ல, வெறுமனே ராஜினாமா செய்தவராக வெளியே போயிருப்பார். பின்னால் மனிதவளப் பிரிவு தப்பைக் கண்டுபிடித்திருக்கும்தான். ஆனால் கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.

அன்றிலிருந்து இதே கேள்வியோடு நாலைந்து பேர் பேசியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

என்னதான் நடந்தது

2025 ஜனவரி 28 அன்று ஃபெடரல் ஊழியர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: இப்போதே ராஜினாமா கடிதம் கொடுங்கள், செப்டம்பர் 30 வரை வேலை பார்க்காமலே சம்பளம் தருகிறோம். ஏப்ரலில் வேளாண்மைத் துறை அதே சலுகையை இரண்டாம் முறை திறந்தது. இரண்டும் சேர்த்து அந்தத் துறையில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டு விலகினார்கள். நடுவில், பிப்ரவரியில், தகுதிகாண் பருவத்தில் இருந்த ஏறக்குறைய 6,000 பேரை ஒரே வீச்சில் நீக்கினார்கள். மார்ச்சில், ஃபெடரல் ஊழியர்களின் முறையீடுகளை விசாரிக்கும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம் தடை போட்டதால் அவர்களைத் திரும்பச் சம்பளப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஜூலை 24 அன்று துறைச் செயலர் புரூக் ராலின்ஸ் மறுசீரமைப்பு ஆணையை வெளியிட்டார். வாஷிங்டன் வட்டாரத்தில் அப்போது இருந்த சுமார் 4,600 பேரில் 2,000-க்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. மற்றவர்கள் ராலி, கான்சஸ் சிட்டி, இண்டியானாபொலிஸ், ஃபோர்ட் காலின்ஸ், சால்ட் லேக் சிட்டி ஆகிய ஐந்து மையங்களுக்குப் போக வேண்டும். பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி மையத்தையும் சில ஆண்டுகளில் காலி செய்வதாக அதே ஆணை சொல்கிறது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் செய்தி எப்படி இறங்கியது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் நான். பெல்ட்ஸ்வில் என்பது சிலருக்கு வேலை பார்க்கும் கட்டடம் மட்டுமில்லை. பதினைந்து, இருபது வருடமாகப் பயிர் வைத்து அளந்து வந்த வயல்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது "எந்த ஊர் நல்ல ஊர்?" என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் அளவுகோல் உங்கள் வயதும் ஓய்வூதியச் சேவைக் காலமும். 50 வயதும் 20 ஆண்டு சேவையும், அல்லது எந்த வயதானாலும் 25 ஆண்டு சேவை: உடனடி பென்ஷனுக்கான இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறது. மிச்சமிருக்கும் மருத்துவ விடுப்பை வைத்து இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அது பென்ஷன் தொகையைக் கூட்டும், தகுதியைக் கூட்டாது.

இரண்டாவது மருத்துவக் காப்பீடு. ஓய்வுக்குப் பிறகும் ஃபெடரல் காப்பீடு தொடர வேண்டுமானால் இரண்டு நிபந்தனை: வேலையை விடும்போதே பென்ஷன் தொடங்க வேண்டும், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டும் அந்தக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கணவர் அல்லது மனைவியின் தனியார் நிறுவனக் காப்பீட்டில் சேர்ந்துகொண்டு இதை விட்டுவைத்தவர்கள் நம்மவர்களில் நிறைய. அவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

மூன்றாவது கைக்கு வரும் சம்பளம். அடிப்படைச் சம்பளத்தைச் சொல்லவில்லை, வட்டாரப்படியும் (ஊருக்கு ஊர் மாறும் கூடுதல் படி) சேர்த்து வருவதை. நான்காவது வீட்டில் உள்ள மற்றவர்கள்: துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர்.

ஐந்தாவது, நீங்கள் செய்யும் வேலை அந்தப் புதிய இடத்தில் உண்மையிலேயே தொடருமா என்பது. மேசையையும் கணினியையும் மாற்றிவிடலாம். பசுமைக்குடிலையும் மண்ணையும் மாற்ற முடியாது.

வழி 1: சொன்ன ஊருக்குப் போவது

வேலை தொடரும், சேவை தொடரும், காப்பீடு தொடரும். 25 ஆண்டுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் சம்பளத்தைப் பார்த்துவிடலாம். துறையின் ஆணையே ஒவ்வொரு ஊரின் வட்டாரப்படியையும் போட்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 2025 விகிதப்படி இப்படி வரும்:

| ஊர் | வட்டாரப்படி | மொத்தம் (டாலர்) | வாஷிங்டனைவிடக் குறைவு (டாலர்) |
|---|---|---|---|
| வாஷிங்டன் வட்டாரம் | 33.94% | 1,33,940 | – |
| ஃபோர்ட் காலின்ஸ் | 30.52% | 1,30,520 | 3,420 |
| ராலி | 22.24% | 1,22,240 | 11,700 |
| கான்சஸ் சிட்டி | 18.97% | 1,18,970 | 14,970 |
| இண்டியானாபொலிஸ் | 18.15% | 1,18,150 | 15,790 |
| சால்ட் லேக் சிட்டி | 17.06% | 1,17,060 | 16,880 |

"அங்கே வீடு மலிவு" என்று உடனே சொல்வார்கள். புதிதாக வீடு வாங்குபவருக்கு அது சரி. ஆனால் 2020, 2021-இல் 3 சதவீதத்துக்குள் வீட்டுக் கடன் எடுத்தவர், அதை அடைத்துவிட்டு அதைவிட இரண்டு மடங்கு வட்டியில் புதுக் கடன் எடுத்தால், வீட்டு விலை குறைந்த அளவுக்கு மாதத் தவணை குறையாது. நண்பர் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1,00,000 டாலருக்கு மேல் விலை குறைந்த வீட்டுக்கும் தவணை கிட்டத்தட்ட அதேதான் வந்தது.

அரசே இடமாற்றினால் செலவை அரசு ஏற்கும். விதிப்படி 18,000 பவுண்டு எடை வரை சாமான், பழைய வீட்டை விற்கும் செலவில் விற்பனை விலையின் 10 சதவீதம் வரை, புது வீடு வாங்கும் செலவில் 5 சதவீதம் வரை. இதில் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, 2018-க்குப் பிறகு இந்த உதவித்தொகைக்கு வருமான வரி உண்டு. அதை ஈடுகட்ட அரசு தனியாக ஒரு படி தருகிறது. ஆனால் கணக்குத் தீர அடுத்த ஆண்டு ஆகிவிடும். இன்னொன்று, குறைந்தது 12 மாதம் பணியில் இருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் நீங்களாக விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பென்ஷனைப் பற்றிப் பலரும் பயப்படுவது போல இல்லை. பென்ஷன் கணக்கு, தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளில் அதிகபட்சச் சராசரிச் சம்பளத்தை வைத்து. அந்த மூன்று ஆண்டு கடைசி மூன்று ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாஷிங்டனில் வாங்கியதே அதிகம் என்றால் அதுவே நிற்கும்.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2019-இல் இதே துறையின் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவையும், ஆராய்ச்சி மானியங்கள் தரும் உணவு, வேளாண்மை நிறுவனத்தையும் கான்சஸ் சிட்டிக்கு மாற்றினார்கள். ஜூன் 13 அன்று ஊரை அறிவித்தார்கள்; ஜூலை 15-க்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒரு மாதம்! பெரும்பான்மையினர் போகவே இல்லை. பிறகு அரசின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, இரண்டு ஆண்டில் ஆள் எண்ணிக்கை மீண்டது, ஆனால் அனுபவம் குறைந்த புதியவர்களாக இருந்தார்கள் என்று கண்டது. போனவர்கள் கதையை நான் இதில் இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன்: மேலே இருந்த நாற்காலிகள் காலியானதால் போன சிலருக்குப் பொறுப்பு சீக்கிரம் வந்தது. கூடவே மூன்று பேர் வேலையும் ஒருவர் தலையில் வந்தது.

"ஆட்சி மாறினால் திரும்ப வந்துவிடலாம்" என்று நம்பிப் போகாதீர்கள். உள்துறையின் நில மேலாண்மைப் பணியகத்தைக் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனுக்கு மாற்றி, 2021-இல் தலைமையகத்தை மறுபடி வாஷிங்டனுக்கே கொண்டுவந்தார்கள் என்பது உண்மை. வாஷிங்டனிலிருந்து 328 பணியிடங்களை நகர்த்தச் சொன்னதில் கிராண்ட் ஜங்ஷனுக்குப் போனவர்கள் மூன்றே பேர். ஆனால் கான்சஸ் சிட்டி அலுவலகங்கள் ஆட்சி மாறிய பிறகும் அங்கேயேதான் இருந்தன.

யாருக்குப் பொருந்தும்: சேவைக் கோட்டைத் தாண்ட சில ஆண்டு மட்டும் தேவைப்படுபவர், துணைவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், வாடகை வீட்டில் இருப்பவர், பிள்ளைகள் இன்னும் பள்ளியில் சேராதவர் அல்லது கல்லூரிக்குப் போய்விட்டவர். போகும் ஊர் ஃபோர்ட் காலின்ஸ் என்றால் சம்பள இழப்பே பெரிதில்லை.

வழி 2: மறுத்து, அவர்கள் விலக்கும்வரை நிற்பது

இதைத்தான் மிகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "போகலைன்னா வெறுங்கையோட அனுப்பிடுவாங்க" என்று ஒரு பேச்சு. அப்படி இல்லை.

நீங்கள் தினமும் போய்வரக்கூடிய தூரத்துக்கு வெளியே இடமாற்றி, நீங்கள் மறுத்து, அதற்காக அவர்கள் உங்களை விலக்கினால், அது உங்கள் விருப்பமில்லாத பணிநீக்கம் என்றே கணக்கு. 50 வயது, 20 ஆண்டு, அல்லது 25 ஆண்டு சேவை என்ற கோட்டைத் தாண்டியவருக்கு உடனடி பென்ஷன் உண்டு. இப்போதைய ஓய்வூதிய முறையில் வயது குறைவு என்பதற்காக அதில் வெட்டு இல்லை. ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கு. 22 ஆண்டு என்றால் உச்சச் சராசரியில் 22 சதவீதம். விலைவாசிக்கேற்ற உயர்வு மட்டும் 62 வயதுக்குப் பிறகுதான். மருத்துவக் காப்பீடும் கூடவே வரும்.

கோட்டைத் தாண்டாதவருக்கு ஈட்டுத்தொகை. செவரன்ஸ் என்று எல்லோரும் சொல்வது. முதல் 10 ஆண்டுக்கு ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு இரண்டு வாரம். 40 வயதைத் தாண்டிய ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 2.5 சதவீதம் கூடும். உச்சவரம்பு 52 வாரம். 43 வயது, 12 ஆண்டு சேவை என்றால்: 10-உம் 4-உம் 14 வாரம், அதோடு 30 சதவீதம், ஆக 18 வாரம் சொச்சம். 45 வயது, 18 ஆண்டு என்றால் 26 வாரம், அதோடு 50 சதவீதம், 39 வாரம். வயதும் சேவையும் கூடக்கூட இது எவ்வளவு வேகமாக ஏறுகிறது பாருங்கள்.

இப்போது கண்ணிகளுக்கு வருவோம்.

எழுத்துப்பூர்வமான அறிவிப்பு உங்கள் பெயருக்கு வருவதற்கு முன்னால் நீங்களாக ராஜினாமா செய்தால் இது எதுவும் இல்லை. செய்தித்தாளில் படித்ததும் துறைச் செயலர் வெளியிட்ட பொது ஆணையும் உங்கள் கடிதம் ஆகாது. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதும் ஆகாது. பயத்தில் முந்திக்கொண்டவர்கள் இழந்தது இதைத்தான்.

உங்கள் பணி விவரக் குறிப்பில் 'எங்கே அனுப்பினாலும் போவேன்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுப்பது வேறு கதை. ஈட்டுத்தொகையும் உடனடி பென்ஷனும் கிடைக்காமல் போகும்.

காப்பீடு இல்லாமல் வெளியேறுபவருக்கு 31 நாள் இலவச நீட்டிப்பு. அதற்குப் பிறகு 18 மாதம் வரை அதே காப்பீட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் பிரீமியமும் அதன் மேல் 2 சதவீதமும் நீங்களே கட்ட வேண்டும். அரசு நான்கில் மூன்று பங்கு வரை கட்டிக்கொண்டிருந்தது. ஆக மாதக் கட்டணம் மூன்றரை, நான்கு மடங்காகும். ஈட்டுத்தொகையில் ஒரு பங்கு இதற்கே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: கோட்டைத் தாண்டிவிட்டு, ஊரை விட்டுப் போக முடியாதவர். அல்லது தாண்டாவிட்டாலும் 45 வயதுக்கு மேல், 15 ஆண்டுக்கு மேல் சேவை இருந்து, துணைவரின் காப்பீட்டில் சேர முடிகிறவர். 35 வயதில் 6 ஆண்டு சேவையோடு இருப்பவருக்கு ஆறு வாரச் சம்பளத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது சரிவராது.

வழி 3: தானாக முன்வந்து ஓய்வு, அல்லது சலுகையோடு ராஜினாமா

மேலே சொன்ன 50–20, 25 கோடுதான் முன்கூட்டிய விருப்ப ஓய்வுக்கும். துறை அந்த வாய்ப்பைத் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சில நேரம் அதோடு 25,000 டாலர் வரை ஊக்கத்தொகை தருவார்கள். வரி போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஐந்து ஆண்டுக்குள் ஃபெடரல் வேலைக்குத் திரும்பினால் வரிக்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கோட்டைத் தாண்டியவருக்கு வழி 2-ஐவிட இது நிம்மதி. தேதியை நீங்கள் தீர்மானிக்கலாம், பிரிவு உபசாரத்தோடு போகலாம், எஸ்.எஃப்.50-இல் 'விலக்கப்பட்டார்' என்று இருக்காது. இரண்டு பென்ஷனும் ஒரே அளவுதான்.

கோட்டைத் தாண்டாதவருக்கு? 2025-இல் கொடுத்தது போல எட்டு மாதம், ஆறு மாதச் சம்பளச் சலுகை மறுபடி வந்தால், ஒரே ஒரு ஒப்பீட்டைச் செய்யுங்கள்: அந்தச் சலுகைச் சம்பளம் எத்தனை வாரம், உங்கள் செவரன்ஸ் எத்தனை வாரம்? இளையவருக்குச் சலுகைதான் பெரிது. அவர்கள் அன்று ஏற்றுக்கொண்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வயதும் சேவையும் உள்ளவருக்கு மறுபக்கம். அதோடு, சலுகையை ஏற்பது தன்விருப்ப ராஜினாமா. வேலையில்லாதோர் உதவித்தொகை மறுக்கப்படலாம், வழக்குப் போடும் உரிமையையும் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ராஜினாமா செய்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று: ஓய்வூதியத்துக்காகக் கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டு சேவை இருந்தால் 62 வயதில் பென்ஷன் உண்டு. பணத்தை எடுத்தால் அந்த உரிமை போய்விடும். டி.எஸ்.பி. என்ற ஃபெடரல் ஊழியர் ஓய்வுக்காலச் சேமிப்பை, 55 வயது ஆகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அபராதம் இல்லாமல் எடுக்கலாம். 54-இல் விட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை.

வழி 4: வேறு வேலைக்குப் போவது

வேறு ஃபெடரல் துறை என்றால் சேவை முறியாது, அதனால் இதுதான் உத்தமம். விலக்கப்பட்டவர்களுக்கும் இடமாற்றத்தை மறுத்தவர்களுக்கும் அதே வட்டாரக் காலியிடங்களில் முன்னுரிமை உண்டு. ஆனால் 2025 ஜனவரி முதல் ஆளெடுப்பே முடக்கப்பட்டிருந்ததால் அந்த முன்னுரிமையை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. புதிய நியமனமாகப் போனால் தகுதிகாண் பருவம் மறுபடி தொடங்கலாம். 2025 பிப்ரவரியில் முதலில் அடிபட்டவர்கள் அந்தப் பருவத்தில் இருந்தவர்கள்தான்.

பல்கலைக்கழகம் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள், அங்கே வரும் பணமும் இதே குளத்துத் தண்ணீர்தான் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் நிதி நின்றதும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சோயாபீன் ஆய்வகத்தை 2025-இல் மூட வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவர்கள் யாருக்கும் ஃபெடரல் செவரன்ஸ் இல்லை. நிரந்தரப் பேராசிரியர் பதவி வேறு. மானியத்தில் ஓடும் ஆய்வாளர் பதவி வேறு.

மாநில அரசு வேலை, விதை நிறுவனங்கள், தனியார் ஆய்வகங்கள்: 40 வயதுக்கு உள்ளே, தரவு ஆய்வோ மரபணு ஆய்வோ கைவசம் இருப்பவருக்கு இதுவே முதல் வழி என்பது என் அபிப்பிராயம். ஆறேழு ஆண்டு சேவைக்காகக் குடும்பத்தைப் பிய்த்துக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போய், அங்கேயும் நிச்சயமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நான்கையும் ஒரே பார்வையில்

| | ஊர் மாறுதல் | மறுத்து நிற்பது | விருப்ப ஓய்வு / ராஜினாமா | வேறு வேலை |
|---|---|---|---|---|
| பென்ஷன் | சேவை தொடரும் | கோட்டைத் தாண்டினால் உடனே. இல்லையேல் 62-இல் | ஓய்வுக்கு உடனே. ராஜினாமாவுக்கு 62-இல் | ஃபெடரல் என்றால் தொடரும் |
| காப்பீடு | தொடரும் | உடனடி பென்ஷன் இருந்தால் தொடரும் | அதேதான் | புது முதலாளியைப் பொறுத்தது |
| கையில் பணம் | சம்பளம், வட்டாரப்படி குறைந்து | உடனடி பென்ஷன் இல்லாதவருக்குச் செவரன்ஸ், 52 வாரம் வரை | 25,000 டாலர் வரை, கொடுத்தால் | புதுச் சம்பளம் |
| மறைந்திருக்கும் செலவு | வீட்டுக் கடன் வட்டி, துணைவர் வேலை | காத்திருக்கும் மாதங்கள், முழுப் பிரீமியம் | வழக்குரிமை, திரும்பினால் தொகையைக் கட்டுவது | தகுதிகாண் பருவம் |
| முந்தினால் நஷ்டமா | ஆம், கடிதம் பார்த்து முடிவெடுங்கள் | மிகவும் | ஆம் | இல்லை |

கவுண்டி (உள்ளூர் மாவட்ட) அலுவலகத்தில் இருப்பவர்கள்

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் வாஷிங்டன் வட்டாரத்துக்காரர்களுக்கு. ஆனால் இந்தத் துறையின் முகம் என்பது நாடெங்கும் 2,000-க்கும் மேல் இருக்கும் பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகங்கள்தான். அங்கே யாரையும் ஊர் மாற்றவில்லை. அவர்கள் சிக்கல் வேறு: ஆள் குறைந்திருக்கிறது, வேலை கூடியிருக்கிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மக்காச்சோளத்தின் ஆதார விலையை புஷலுக்கு 3.70 டாலரிலிருந்து 4.10-க்கும், சோயாவை 8.40-லிருந்து 10-க்கும், கோதுமையை 5.50-லிருந்து 6.35-க்கும் உயர்த்தியது. மானியம் பெறும் அடிப்படை நிலத்தில் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்கவும் வழி செய்தது. இது ஒவ்வொன்றும் விவசாயி ஒருவர் கவுண்ட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, அவர் வயல் வரைபடத்தைத் திறந்து, படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கும் வேலை. அக்டோபரில் அரசு முடங்கிக் கிடந்தபோது, 23-ஆம் தேதி இந்த அலுவலகங்களைத் திறந்தார்கள். அலுவலகத்துக்கு இரண்டு பேர். அறுவடைக் காலத்தில், கடன் காத்திருக்கும் விவசாயிகளுக்கு இரண்டே பேர்.

இவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. வேலை போகும் பயத்தில் விலக வேண்டாம். திட்டங்கள் கூடும்போது கவுண்ட்டரில் ஆள் இல்லாமல் முடியாது. ஆனால் உடம்பு தாங்கவில்லை என்றால், பயிர்க் காப்பீட்டு முகவர்களும் கிராமப்புற வங்கிகளும் தேடுவது படிவமும் வயலும் தெரிந்த இதே ஆட்களைத்தான். போவதற்கு முன் நெறிமுறை அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நேரடியாகக் கையாண்ட விவகாரத்தில் வேறொருவர் சார்பாக அரசின் முன் வந்து நிற்கத் தடை உண்டு.

விசாவில் இருக்கும் ஆய்வாளர்கள்

அரசு ஆய்வகங்களில் ஆரைஸ் போன்ற திட்டங்கள் வழியாக முதுமுனைவர் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்த நான்கு வழியும் பொருந்தாது. நீங்கள் ஃபெடரல் ஊழியர் கணக்கில் இல்லை, செவரன்ஸ் கிடையாது. எச்-1பி-யில் இருந்தால் வேலை முடிந்த பின் அதிகபட்சம் 60 நாள், ஜே-1 என்றால் திட்டம் முடிந்த பின் 30 நாள். வழிகாட்டும் விஞ்ஞானியே ஊர் மாறுவாரா, ஓய்வு பெறுவாரா என்று அவருக்கே தெரியாத நேரம் இது. அவரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. இன்னொரு ஆய்வகத்தை இப்போதே பேசி வையுங்கள்.

அக்கா என்ன செய்கிறார்

ஏப்ரலில் அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஜூலையில் ஐந்து ஊர் அறிவிப்பு வந்த அன்று மாலை மறுபடி கோப்போடு வந்தார். இந்த முறை அழுகையும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு தாளை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் எழுதினோம்.

இடப்பக்கம்: 2026 ஆகஸ்டுக்கு முன் கடிதம் வந்து மறுத்தால். 18 ஆண்டு என்றாலே 26 வாரம். வயதுக் கணக்கைச் சேர்த்தால் 52 வார வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆக ஓர் ஆண்டுச் சம்பளம். பென்ஷன் 62-இல். காப்பீடு இல்லை. மாமாவின் நிறுவனக் காப்பீட்டில் சேரலாம், அது இருக்கும்வரை.

வலப்பக்கம்: ஆகஸ்டுக்குப் பின் வந்து மறுத்தால். 20 ஆண்டு. செவரன்ஸ் இல்லை, ஆனால் அடுத்த மாதமே பென்ஷன், வாழ்நாள் முழுக்கக் காப்பீடு.

"அப்ப ஆகஸ்டுக்கு முன்னாடி கடிதம் வந்தா?" என்று கேட்டார். அப்போது ஊர் மாறச் சம்மதம் சொல்லி, புறப்படும் தேதியைப் பேசிப் பார்க்கலாம். சேவை அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். மாமா இங்கேயே இருக்க, அக்கா மட்டும் ராலியில் ஒற்றை அறை எடுத்துத் தங்குவது என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அங்கேயே இருந்து 60 வயதைத் தொட்டால், 20 ஆண்டு சேவையோடு யார் தயவும் இல்லாமல் முழு ஓய்வு பெறலாம்.

மனிதவளப் பிரிவிடம் ஓய்வூதியச் சேவைத் தேதியை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டார். அந்தத் தாள் இப்போது கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் என்ற தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் அக்கா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "31-ஆம் கட்டத்தைப் பார்க்காதே."